துயரம் பாடத்திட்டத்தில் இல்லை

அரசன் மாய்ந்தால் பாணன் யாழைக் கீழே வைத்துவிட்டு வாய் திறவாமல் அமர்ந்திருப்பான். அந்தத் திகைப்புக்கும் ஓர் இலக்கணம் வகுத்து, கையறுநிலை என்று பெயரிட்டு, பாட்டுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தவர்கள் நம் முன்னோர். கூடல் அஞ்சல்வழிப் பல்கலைக்கழகம் அவ்வாறு வைக்கவில்லை. வைக்காததற்கு அதனிடம் எழுத்துமூலமான காரணம் இருந்தது.

இப்பல்கலைக்கழகம் மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில், நீரில்லாத ஒரு கண்மாயின் கரையில் இருந்தது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகம் வேறு; அதற்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை.

அங்கே ஆங்கில முதுகலைப் படிப்பில் ஓர் அவலநாடகம் பாடமாக இருந்தது. அதன் பெயரை எவரும் சொல்வதில்லை. ‘மூணாந்தாள் நாலாம் யூனிட்’ என்றால் போதும். கதை சுருக்கமானது. கடல்கடந்த நாடொன்றின் அரசன் இறக்கிறான். இரண்டு திங்கள் கழியுமுன் அரசி தன் கொழுந்தனையே மணந்துகொள்கிறாள். இறந்த அரசன் ஆவியாக வந்து, தன்னைக் கொன்றவன் அந்தத் தம்பிதான், பழி வாங்கு என்று மகனிடம் சொல்கிறான். மகனாகிய இளவரசன் பித்தனைப்போல் பேசித் திரிகிறான். பழி வாங்குவதைத் தள்ளிக்கொண்டே போகிறான். முடிவில் அரண்மனையில் இருந்தோர் ஏறக்குறைய எல்லோரும் மாண்டுபோகிறார்கள். இதிலிருந்து ஆண்டுதோறும் தவறாமல் வரும் வினா ஒன்றே: இளவரசனின் பித்து மெய்யா, நடிப்பா? மதிப்பெண் இருபது.

நடிப்பே என்பது துறைத்தலைவர் பேராசிரியை மீனலோசனியின் கொள்கை. மெய்யே என்பது பேராசிரியர் முத்துக்கருப்பனின் கொள்கை. இருவரும் பதினொரு ஆண்டுகளாக ஒரே கட்டடத்தில், ஒருவர் முகத்தில் மற்றவர் விழியாமல் பணியாற்றிவந்தனர். முன்னொரு காலத்தில் இம்மாநகரில் இரு சமயத்தார் வாதிட்டபோது ஏடுகளை நெருப்பில் இட்டும் ஆற்றில் விட்டும் மெய் கண்டார்கள். இவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வைகையில் நீர் இல்லாமை ஒரு காரணம். விடைத்தாள்கள் கைவசம் இருந்தமை மற்றொரு காரணம். நடிப்பு என்று எழுதிய தாள் முத்துக்கருப்பனிடம் போனால் மாணவன் தோற்றான். மெய் என்று எழுதிய தாள் மீனலோசனியிடம் போனால் மாணவி தோற்றாள். எந்தக் கட்டு யாரிடம் போகும் என்பதைத் தேர்வாணையர் இன்பசேகரன் முடிவு செய்தார்.

காளவாசல் முக்கில் இருந்த புத்தகக் கடையில் இரண்டு கைடுகள் விற்றன. வெள்ளை அட்டை நடிப்பு. மஞ்சள் அட்டை மெய். கடைக்காரர் நேர்மையானவர்.

“யாரு திருத்துறாகன்னு தெரிஞ்சா ஒண்ணு வாங்குங்கண்ணே. தெரியலைன்னா ரெண்டையும் வாங்கிப் பாதிப் பாதி எழுதுங்க. போன வருசம் ஒரு ஆளு அப்படித்தேன் பாஸானாரு” என்று அவர் பெனடிக்டிடம் சொன்னார்.

பெனடிக்ட் திருமங்கலத்தில் ஒரு மிஷன் பள்ளியில் நடுநிலை வகுப்பு ஆசிரியர், வயது நாற்பத்திரண்டு. பதினோராம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தும் இடம் ஒன்று காலியாக இருந்தது. தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினாள் அதை அவருக்காக நிறுத்திவைத்திருந்தார். முதுகலையில் அவருக்கு எஞ்சியிருந்தது இந்த மூன்றாம் தாள் ஒன்றுதான். ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதிக்குள் தேர்ச்சிச் சான்றைக் கொண்டுவந்தால் இடம் அவருடையது. இல்லையேல் மறைமாவட்ட அலுவலகம் வேறொருவரை அனுப்பிவிடும்.

அவர் இரண்டு கைடுகளையும் வாங்கினார். ஒழுங்காகப் படிக்கவும் தொடங்கினார். ஆனால் அந்த ஆண்டு, 1998இல், மாசி மாதம் அவருடைய தந்தை லாசர் காலமானார். லாசர் திருமங்கலத்தில் ஒரு பருத்திக் கமிஷன் கடையில் முப்பத்தாறு ஆண்டுகள் எடை போட்டவர். மூத்த மகன் என்ற முறையில் சவப்பெட்டிக்குச் சொன்னது, குழி வெட்டச் சொன்னது, வந்த உறவினருக்குச் சாப்பாடு போட்டது எல்லாம் பெனடிக்டே. மூன்றாம் நாள் பள்ளியில் ஆய்வு. நாற்பதாம் நாள் பூசை முடிந்து இரு வாரங்களில் தேர்வு. இவற்றுக்கிடையே அழுவதற்கு என்று தனியாக நேரம் அமையவில்லை.

தேர்வறையில் வினாவைப் பார்த்தவுடன் அவருக்கு வெள்ளையும் மறந்துபோயிற்று, மஞ்சளும் மறந்துபோயிற்று. மூன்று பக்கம் தாமாக எழுதினார். அதன் சாரம் இது: இளவரசன் பித்தனும் அல்லன், நடிப்பவனும் அல்லன். அவன் இன்னும் அழுது முடிக்கவில்லை. இறந்தவரைப் பற்றிப் பேச உயிரோடு இருப்பவர் ஒருவரும் காது கொடுக்காதபோது, இறந்தவரே பேச வருகிறார். அழுது முடிக்காதவனிடம் பழி வாங்கும் வேலையைக் கொடுத்தால் அவனால் அதை நேரத்துக்குச் செய்ய இயலாது. இவ்வளவும் எழுதிய பிறகு, எவ்வாறு நுழைந்தது என்று அறியாமலே, கடைசி வரியாக ஒன்று வந்து விழுந்தது: என் தந்தையின் புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த வரியை அடித்துவிடப் பெனடிக்ட் நினைத்தார், மணி அடித்துவிட்டது.

ஆடியில் முடிவு வந்தது. நாற்பத்தேழு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அந்த வினாவுக்குச் சுழியம்.

மறுமதிப்பீட்டுப் பிரிவில் இருந்தவர் ரெங்கம்மாள் என்ற எழுத்தர். அவர் தாளை எடுத்துக் காட்டினார். முதல் பக்க ஓரத்தில் சிவப்பு மையில் ‘துயரம் பாடத்திட்டத்தில் இல்லை’ என்று எழுதியிருந்தது. கடைசி வரியின் கீழே கோடிட்டு, ‘பருத்தி: பொருத்தமற்றது’ என்றும் இருந்தது.

“இந்தாங்க சார், ஃபாரம். இதுல அ, ஆன்னு ரெண்டு கட்டம் இருக்கா? ‘அ’ நடிப்பு, ‘ஆ’ மெய். ஒண்ணுல டிக் அடிங்க. அந்தப் பிரிவுக்கு அனுப்பிருவோம்.”

“நான் ரெண்டும் எழுதலையேம்மா.”

“அப்ப விண்ணப்பம் முழுமை பெறலை.”

“வருத்தத்துலதான் இருக்கான்னு எழுதியிருக்கேன். அதுக்குக் கட்டம் இல்லையா?”

ரெங்கம்மாள் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அச்சகத்தார் விட்டுவிட்டார்களோ என்ற ஐயம் அவருக்கும் இருந்தது. “இல்லை சார். வருத்தம்னு சொன்னா ஆதாரம் கேப்பாக. கொண்டாந்துட்டீங்கன்னா பின்னால குத்தி வச்சுக்கிறேன்” என்றார்.

எனவே பெனடிக்ட் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்றார். இத்தகைய சான்று அதுவரை வழங்கப்பட்டதில்லை எனினும் அலுவலர் பின்வாங்கவில்லை. இருப்பிடச் சான்றின் படிவத்திலேயே எழுதித் தந்தார்: ‘மேற்படி பெனடிக்ட், தகப்பனார் பெயர் லாசர் (காலஞ்சென்றவர்), வருத்தமாய் இருப்பது நேர்முக விசாரணையில் தெரியவருகிறது. அக்கம்பக்கத்தார் எவரும் ஆட்சேபிக்கவில்லை.’ கோபுர முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

சான்று பின்னால் குத்தப்பட்டு, கோப்பு துறைத்தலைவர் என்ற முறையில் பேராசிரியை மீனலோசனியிடம் சென்றது. அவர் பெனடிக்டை அழைத்து அமரச் சொன்னார். அவருடைய மேசையில் வெள்ளை அட்டைக் கைடுகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை எழுதியவர் பெயர் இல்லை எனினும் எழுதியவர் படம் பின்னட்டையில் இருந்தது.

“மிஸ்டர் பெனடிக்ட், இருபத்திரண்டு வருஷமா நான் இந்த நாடகத்தை நடத்துறேன். ஒரு தடவைகூட எனக்கு அழுகை வந்ததில்லை. அதுக்குப் பேருதான் புலமை. முதல் வருஷம் கொஞ்சம் தொண்டை அடைச்சுது. அந்த வருஷம் போர்ஷன் முடியல. அன்னிக்கே தீர்மானிச்சேன், துயரத்தை விட்டாத்தான் டிசம்பருக்குள்ள அஞ்சாம் அங்கத்துக்குப் போகமுடியும்னு. ஒரு பெரிய இலக்கியத்தை ஒரு செமஸ்டருக்குள்ள அடக்கணும்னா எதையாவது விட்டுத்தானே ஆகணும்?”

“சரிதாங்கம்மா.”

“உங்க பிரச்சினை சின்னது. மூணு மார்க். ‘என் விடையில் உள்ள துயரம் தேர்வுக்காக நடிக்கப்பட்டது’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நடிப்பு என் தரப்பு. மூணென்ன, அஞ்சு போடுறேன்.”

பெனடிக்ட் பேனாவைக் கையில் எடுத்தார். ஆகஸ்டு பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சிஸ்டர் பிலோமினாள் அன்று காலைதான், “என்ன பெனடிக்ட், வருமா வராதா? பிஷப் ஹவுஸ்ல கேக்குறாங்க” என்று கேட்டிருந்தார். ஒரு வரிதான். பேனா முனை தாளைத் தொட்டது. பிறகு அவர் அதை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“வேற எதுன்னாலும் எழுதித் தர்றேன் மேடம். எங்கப்பா செத்ததுக்கு நான் நடிச்சேன்னு மட்டும் எழுத முடியலை.”

மீனலோசனிக்குச் சினம் வரவில்லை. உண்மையாகவே வியந்தார். “அது ஒரு விடைத்தாள்தானே?” என்றார்.

செய்தி சுவர் தாண்டி அடுத்த அறையை அடைந்தது. மறுநாளே பேராசிரியர் முத்துக்கருப்பன் பெனடிக்டைத் தாமாகவே வரவழைத்து, தோளில் கை போட்டு, காபி வாங்கிக் கொடுத்தார்.

“அந்தம்மாகிட்ட நீங்க எழுதிக் குடுக்கலைன்னு கேள்விப்பட்டதும் எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? நீங்க நம்ம ஆளு. பித்து மெய்தான்ங்கிறதுக்கு நீங்களே சாட்சி. கைடுல இல்லாத மூணு பக்கத்தை ஒருத்தன் சொந்தமா எழுதுறான்னா அவன் தெளிவா இருக்கான்னு எந்தப் பல்கலைக்கழகம் ஒத்துக்கும்? ‘எழுதுகையில் எனக்குச் சித்தசுவாதீனம் இல்லை’ன்னு எழுதிக் குடுங்க. கூட ஒரு டாக்டர் சர்டிபிகேட். முதல் வகுப்புல போட்டுவிடுறேன்.”

“பைத்தியம்னு எழுதிக் குடுத்தா ஸ்கூல்ல வேலை குடுப்பாங்களா சார்?”

“அது உங்க ஸ்கூல் பிரச்சினை. நாம இங்க இலக்கியம் பேசுறோம்.”

இறைவனையே பித்தன் என்று அழைத்துப் பாடி அருள் பெற்ற மரபு நம்முடையது. ஆனால் அம்மரபில் எவரும் மருத்துவச் சான்று கேட்டதாகத் தெரியவில்லை. பெனடிக்ட், கேட்டுவிட்டாரே என்பதற்காக, ஒரு மருத்துவரிடம் சென்று நடந்ததைச் சொன்னார். மருத்துவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பெரியவர் எப்போது தவறினார் என்று கேட்டார். பிறகு சீட்டில் ஒரே வரி எழுதினார்: ‘தந்தையை இழந்த துயரம். ஓய்வு தேவை.’ அச்சீட்டைக் கண்ட முத்துக்கருப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். துயரம் பாடத்திட்டத்தில் இல்லை என்பதில் மட்டும் அவரும் மீனலோசனியும் பதினொரு ஆண்டுகளாக ஒத்த கருத்தினர்.

ஆகஸ்டு இருபத்தைந்தாம் தேதி, கோப்பைத் திரும்பப் பெறலாமா என்று கேட்கப் பெனடிக்ட் மறுமதிப்பீட்டுப் பிரிவுக்கு வந்தார். ரெங்கம்மாள் இருபக்கமும் பார்த்துவிட்டு விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

“பதினாலாம் விதின்னு ஒண்ணு கெடக்கு சார். விடை ரெண்டு பிரிவுலயும் அடங்கலைன்னா ரெண்டு பேரும் சேந்து உக்காந்து முடிவு பண்ணணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.”

“ஏன்?”

“ரெண்டு பேரும் சேந்து உக்கார மாட்டாக.”

பெனடிக்ட் அந்த அமர்வைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். விதி அச்சில் இருந்தமையால் மறுக்க வழியில்லை. முப்பத்தொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்குத் தேர்வாணையர் அறையில் அமர்வு கூடியது. நடுவில் இன்பசேகரன். வலப்புறம் மீனலோசனி, இடப்புறம் முத்துக்கருப்பன். எதிரே, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பெனடிக்ட். ரெங்கம்மாள் குறிப்பெடுத்தார்.

இன்பசேகரன் தொடக்கவுரை நிகழ்த்தினார். “இந்த அலுவலகம் நடுநிலையானது. எந்தக் கட்டை யாருக்கு அனுப்பணுங்கிறதுல நான் ஒரு நாளும் விடைத்தாளைப் படிச்சதில்லை. படிச்சா நடுநிலை போயிரும். அட்டை நிறத்தை மட்டும் பையங்ககிட்ட விசாரிச்சுக்குவேன். ரெண்டு பக்கமும் சமமா தோக்கணும். இந்தப் பதினொரு வருஷத்துல ரெண்டு தரப்புலயும் சரிசமமா தோத்திருக்காங்க. இதைவிட நியாயம் வேற எங்கயும் கிடைக்காது.”

“விண்ணப்பதாரரோட கேஸுக்கு வருவோம்” என்றார் மீனலோசனி.

“வருவோம்” என்றார் முத்துக்கருப்பன். “அதுக்கு முன்னால ஒரு விஷயம். எண்பத்தேழுல எங்கம்மா தவறினாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிச்சு மொட்டைத் தலையோட டிபார்ட்மெண்டுக்கு வாரேன். ஹெச்.ஓ.டி. சீட்டுல இவங்க உக்காந்திருக்காங்க. எனக்கு ஆறு மாசம் ஜூனியர்.”

“துக்கம் விசாரிக்க முதல்ல வந்தது நான்தான் சார்.”

“வந்தீங்க. மாலையோட வந்தீங்க. மறுவாரம் உங்க சீட்டுக்குப் போட்டதும் அதே கடை மாலைதான்.”

பெனடிக்ட் தலை நிமிர்ந்து பார்த்தார். பதினொரு ஆண்டுகள் தள்ளிப்போட்ட பழியோடு அந்த மனிதர் கண் சிவந்து அமர்ந்திருந்தார். தம் மூன்று பக்க விடையை எவருக்காக எழுதினோம் என்று பெனடிக்டுக்கு ஐயம் ஏற்பட்டது. வாய்விட்டே கேட்டார்.

“சார், அப்ப நீங்க அழுதீங்களா?”

“விண்ணப்பதாரர் கேள்வி கேட்க விதியில்லை” என்றார் இன்பசேகரன்.

முத்துக்கருப்பன் பையைத் திறந்து மீனலோசனியின் மீது ஒரு புகார் மனுவை எடுத்து வைத்தார். வெள்ளை அட்டைக் கைடை எழுதியவர் யார் என்பதற்கு அச்சகத்தாரின் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. மீனலோசனி கைப்பையைத் திறந்து மஞ்சள் அட்டைக் கைடைப் பற்றிய மனுவை வைத்தார். அவருக்கும் அதே அச்சகத்தார் கடிதம் கொடுத்திருந்தார். பிறகு, முன்கூட்டிப் பேசிவைத்ததைப்போல, இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு இரண்டாம் மனுவை எடுத்தனர். அவை கட்டுகளை மாற்றி அனுப்பிய தேர்வாணையரைப் பற்றியவை.

விதிப்படி, புகாருக்கு உள்ளானவர் விசாரணை முடியும்வரை பொறுப்பிலிருந்து விலகி இருத்தல் வேண்டும். ஆணையில் கையெழுத்திட வேண்டியவர் தேர்வாணையர். இன்பசேகரன் நடுநிலையானவர். மீனலோசனியின் ஆணையில் கையெழுத்திட்டார். முத்துக்கருப்பனின் ஆணையில் கையெழுத்திட்டார். பேனாவை ஒருமுறை உதறிவிட்டுத் தம் ஆணையிலும் கையெழுத்திட்டு, நகலைத் தாமே பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் இட்டார். பன்னிரண்டே காலுக்கு அவ்வறையில் பதவியோடு எஞ்சியவர் ரெங்கம்மாள் ஒருவரே. கொண்டுவந்து வைத்த பஜ்ஜியை ஒருவரும் தொடவில்லை.

“இப்ப யாரும்மா எனக்குப் பதில் சொல்லுவா?” என்றார் பெனடிக்ட். “இன்னிக்கு முப்பத்தொண்ணு.”

“வளாகத்துல இருக்கிற சீனியர் புரொபசர் பொறுப்பேத்துக்கணும். இருங்க சார், யாரு இருக்காகன்னு பாத்துட்டு வாரேன்.”

சிறிது நேரத்தில் அவர் ஒருவரை அழைத்துவந்தார். விலங்கியல் பேராசிரியர் ராஜாராம். கையில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தேர்வாணையர் நாற்காலியின் நுனியில் அமர்ந்தார்.

“எனக்கு இங்கிலீஷ் லிட்ரேச்சர்லாம் தெரியாதுங்க. தாளைக் குடுங்க, படிச்சுப் பாக்குறேன்.”

படித்தார். பெனடிக்டின் கையெழுத்து பள்ளி ஆசிரியருடையது, தெளிவாக இருந்தது. மூன்றாம் பக்கம் முடிந்ததும் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார்.

“இந்தப் பையனுக்கு அப்பா செத்து எம்புட்டு நாளாச்சு?”

“ரெண்டு மாசம் சார். கதையில.”

“அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அவன்கிட்டப் போயி உனக்குப் பைத்தியமா, நடிக்கிறியான்னு கேட்டா என்ன சொல்லுவான்?” ராஜாராம் சிவப்பு மைக் குறிப்பை உற்றுப் பார்த்தார். “குரங்கு இருக்கில்லையா, குட்டி செத்துப்போச்சுன்னா நாள்கணக்குல அதைத் தூக்கிக்கிட்டே திரியும். திங்கப் போனாலும் கீழ வைக்காது. நாங்க ரெக்கார்டுல எழுதுவோம். அதுக்குப் பைத்தியம்னு நாங்க எழுதுறதில்லை. நடிக்குதுன்னும் எழுதுறதில்லை.”

“என்னன்னு எழுதுவீங்க சார்?”

“தூக்கிக்கிட்டுத் திரியுதுன்னு எழுதுவோம். வேற என்ன எழுதுறது?”

அவர் பேனாவை எடுத்துச் சுழியத்தை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில், ‘விலங்கியல் நோக்கில் விடை சரியே’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மொத்தம் ஐம்பத்தொன்பது. ரெங்கம்மாள் தேர்ச்சிச் சான்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

“இந்தக் கடைசி வரி,” என்றார் ராஜாராம். “பஞ்சு. அப்பா மில்லுல வேலை பாத்தாரா?”

“கமிஷன் கடையில சார். எடை போடுவாரு. வீட்டுக்கு வந்து முகம் கழுவுனாலும் புருவத்துல மட்டும் போகாது. பெட்டியில வச்சப்பவும்...” பெனடிக்ட் நிறுத்தினார். தட்டச்சுப் பொறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “பெட்டியில வச்சப்பவும் இருந்துச்சு. துடைக்கலாம்னு கையைக் கொண்டுபோனேன். அதுக்குள்ள மூடிட்டாங்க.”

சான்று கைக்கு வந்தபோது மணி இரண்டு. நான்கு மணிக்குள் திருமங்கலம் போய்ச் சிஸ்டரிடம் கொடுத்துவிடலாம். பெனடிக்ட் நன்றி சொல்லிவிட்டு நெடுஞ்சாலைக்கு வந்தார். பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. ஒரு வேப்பமரமும், அதன் கீழே வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒச்சாயி என்ற பெண்ணும் இருந்தனர். கல்லின்மேல் அமர்ந்து சான்றை ஒருமுறை விரித்துப் படித்தார். பெயர் சரியாக இருந்தது. தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் கண் நின்றது. தோள் குலுங்கத் தொடங்கிற்று.

ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். அந்த நிறுத்தத்தில் அழுபவர்கள் அவளுக்குப் புதியவர்கள் அல்லர்.

“பரீச்சை போச்சா சார்?”

“இல்லைம்மா. பாஸாயிட்டேன்.”

“பாஸானதுக்கா இந்த அழுகை?”

“எங்கப்பா செத்துப் போயிட்டாரு.”

“அய்யய்யோ. எப்ப?”

“மாசியில.”

அப்போது ஆவணி. ஒச்சாயி விரல் விட்டு எண்ணவில்லை. கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நிழலில் அவருக்கு இடம் ஒதுக்கினாள்.

“அழுங்க சார். திருமங்கலம் பஸ்ஸு வர நேரங்கெடக்கு.”